வல்வில்

‘வல்’ என்னும் அடிச்சொல்லுக்கு இரண்டு முகங்கள். ஒன்று வலிமை: வன்மை, வலிய. மற்றொன்று திறமை: வல்லவன், வல்லுநர். வல் + வில் = வல்வில், பண்புத்தொகை. கொல்லிமலைத் தலைவன் ஓரிக்கு இது அடைமொழி. யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பு துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடியிருக்கிறார்.

வலிய வில் என்று மட்டும் பொருள் கொள்வது போதாது, எய்பவரின் திறமையும் அதில் சேரவேண்டும் என்பேன். கைக்கு மீறிய வில்லை இழுப்பவருக்குக் குறி பார்க்கையில் வரும் ‘குறிப் பதற்றம்’ எளிதில் ஏற்படுகிறது: குறி கண்ணில் பட்டதுமே விரல் நாணை விட்டுவிடும், அல்லது குறிக்குக் கீழேயே கை உறைந்து நிற்கும். பார்வைக் கோளாறு அன்று இது, மனம் முந்திக்கொள்வது. மென்மையான வில்லுக்கு மாறி, குறியே இல்லாத வைக்கோல் திரையில் சில அடி தூரத்திலிருந்து எய்து பழகுவதே மருந்து. முழுக்க இழுத்து, குறியை நோக்கி, எய்யாமல் மெல்லத் தளர்த்துவதும் உதவும். அம்பில்லாமல் நாணை விடவே கூடாது, வில் முறியக்கூடும்.

ஆடியில் கொல்லிமலையில் நடக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அதில் இறங்க நினைக்கும் இளையோரே, முதலில் உங்கள் கைக்கு அடங்கும் வில்லை எடுங்கள்.