மாசி மகமும் ஒரு நோட்டீசும்

நோட்டீஸ் அடிக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். செங்கல்பட்டில் ஒரு டீக்கடை மாடியில் மாதம் ஒருமுறை கூடிப் பேசிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் நாங்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள், நம் ஊரில் அது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை, அதை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது என் வாதம். யாரும் மறுக்கவில்லை. 'பழங்குடி மக்களின் பண்பாட்டுத் திருவிழா, அனைவரும் வருக' என்று மஞ்சள் தாளில் ஆயிரம் பிரதி. பஸ் ஸ்டாண்டில் ஒட்டினோம். தெரிந்த நிருபர்களுக்கு போன் போட்டோம். ரயிலடியில் நின்று கையில் கொடுத்தோம்.

ரயிலடியில் வாங்கியவர்களில் பாதிப் பேர் இருளர்கள். விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கே விழா அழைப்பு! மூட்டையும் பானையுமாக இறங்கிய ஒரு பாட்டி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் எழுதிக்கீது?" என்றார். படித்துக் காட்டினேன். "அதான் எங்களுக்குத் தெரியுமே. இதுக்கு ஏன் காசு செலவு பண்றீங்கோ?" என்று சொல்லிவிட்டு அதைப் பத்திரமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைத் தேடிப் போனார். நாங்கள் சிரித்தோம். 'அனைவரும்' என்றால் யார், 'வருக' என்று சொல்ல நாம் யார் என்ற கேள்வி அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மகத்துக்கு ஒருநாள் இரண்டுநாள் முன்பே வந்துவிடுகிறார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், திருவண்ணாமலை, எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர். நாலு கழி, மேலே ஒரு புடவை அல்லது தார்ப்பாய், மூன்று கல் அடுப்பு. கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்து மணலில் ராவோடு ராவாக ஓர் ஊர் முளைத்துவிடுகிறது. வளையல்காரர், பொரிக்காரர், பாத்திரக்காரர் எல்லாம் வந்து சேர்கிறார்கள். விடிவதற்கு முன் மணலில் ஏழு படி பிடித்துப் பூ வைத்துக் கன்னியம்மாவை அழைக்கிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன அம்மாவைச் சமாதானம் பண்ணிக் கூட்டிப் போகத்தான் வருஷாவருஷம் வருகிறோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. சாமி வந்தவர்கள் அலைக்குள் ஓட, சொந்தக்காரர்கள் பின்னாலேயே ஓடி இழுத்து வருகிறார்கள். ஈரத்தோடு குறி சொல்லப்படுகிறது. சூரியன் தலைகாட்டும்போது தாலி கட்டு. பிள்ளைகளுக்கு மொட்டை, காதுகுத்து. இன்னொரு பக்கம் பெண் பார்ப்பது, போன வருஷத்துச் சண்டைக்குப் பஞ்சாயத்து. அதே நாளில் ஸ்தலசயனப் பெருமாளும் தீர்த்தவாரிக்காகக் குடை மேளத்தோடு கடலுக்கு வருகிறார். ஒரே கடல், ஒரே பௌர்ணமி. கன்னியம்மாவுக்கோ கோயிலும் இல்லை, பட்டரும் இல்லை. மணலில் பிடித்த படி அடுத்த அலையில் போய்விடும்.

இதை 'ஆதி வழிபாட்டின் எச்சம்' என்று எழுதிவிடுவது சுலபம். எங்கள் நோட்டீசிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினேன். 1909இல் தென்னிந்திய சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளில் அடுக்கிய எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து பார்த்தவர். அந்த அளவுகோல் நம் கையிலும் இருக்கிறது, நாம் அதற்குப் 'பண்பாடு' என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். எச்சம் என்றதுமே வரலாறு காணாமல் போய்விடுகிறது. அதாவது, இந்தக் கூட்டம் இப்போது எதற்காகக் கூடுகிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லாமல் போகிறது.

செங்கல்பட்டைச் சுற்றியிருந்த புதர்க்காடுகளில் தேன், கிழங்கு, எலி, ஈசல், மூலிகை என்று வாழ்ந்தவர்களுக்கு 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டைக் 'காப்புக்காடு' ஆக்கிற்று. அதற்குப் பிறகு விறகும் கிழங்கும் குற்றம். பாம்புத் தோல் வியாபாரம் இடையில் ஒரு பிழைப்பாக இருந்தது. தோல் வெளிநாட்டுக்குப் போயிற்று, பிடித்தவனுக்குச் சில்லறை. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அதையும் மூடின. பாம்புகளைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டம் போட்டவர்களின் கணக்கில் பிடித்தவனின் அடுப்பு இல்லை. 1978இல் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியில் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சில நூறு பேருக்கு ஒரு வழியைத் திறந்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. அதில் உழைத்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மிச்சப் பேர் எங்கே போனார்கள்? செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு, செங்கல் சூளைகளுக்கு, சவுக்கு வெட்டுக்கு. ஐயாயிரமோ பத்தாயிரமோ அட்வான்ஸ் வாங்கிக் குடும்பத்தோடு உள்ளே போனால், கடன் தீரும்வரை வெளியே வர முடியாது. கடனோ தீருவதில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பிறகும் ஆலைகளிலிருந்து ஆட்கள் மீட்கப்பட்டபடியே இருந்தார்கள். அண்ணன் ஒரு சூளையில், தங்கை நூறு மைல் தாண்டி ஓர் ஆலையில். எனக்குத் தோன்றுவது இதுதான்: காடு கையிலிருந்தபோது மாசி மகம் என்னவாக இருந்ததோ, காடு போன பிறகு அதன் பொருள் மாறிவிட்டது. சிதறடிக்கப்பட்ட ஒரு உழைக்கும் ஜனம் தன்னைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும் நாள் அது. யார் செத்தார்கள், யாருக்குக் குழந்தை, எந்த முதலாளி அடிக்கிறான், எந்த ஸ்டேஷனில் பொய்க் கேஸ், எல்லாத் தகவலும் அந்த மணலில்தான் கைமாறுகிறது. ஆலை முதலாளியிடம் மற்ற எதற்கும் லீவு கேட்க முடியாதவர்கள் மகத்துக்கு மட்டும் கேட்கிறார்கள். சாமி கோபித்துக்கொள்ளும் என்ற பயம் முதலாளிக்கும் கொஞ்சம் இருக்கும்போல.

இதே கரையில் இன்னொரு விழாவும் உண்டு. 1990களிலிருந்து சுற்றுலாத் துறை டிசம்பர், ஜனவரியில் நடத்தும் நாட்டிய விழா. முதலில் அர்ச்சுனன் தபசுப் பாறை முன், பிறகு கடற்கரைக் கோயில் பக்கம். பரதமும் கதகளியும் நடக்கும், கரகத்துக்கும் இடம் கொடுப்பார்கள். அங்கே மேடை, விளக்கு, நாற்காலி. பக்தின் ஐரோப்பியக் களியாட்டங்களைப் பற்றிச் சொல்லும்போது, அதில் மேடைவிளக்கு கிடையாது, ஆடுகிறவர் பார்க்கிறவர் என்ற பிரிவு கிடையாது, எல்லோரும் அதற்குள் வாழ்கிறார்கள் என்பார். நம் ஆட்கள் பக்தினை எடுத்தவுடன் எல்லாத் திருவிழாவையும் கலகமாக்கிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை, மகத்தன்று யாரும் யாரையும் கவிழ்த்துவிடுவதில்லை. ஆனால் அந்த மேடைவிளக்கு விஷயம் சரி. எங்கள் மஞ்சள் நோட்டீஸ் செய்தது வேறென்ன? மேடையில்லாத இடத்தில் பார்வையாளரைக் கொண்டுபோய் நிறுத்தியது.

வந்தார்கள். கேமராவோடு வந்தார்கள். அலைக்குள் ஓடிய ஒரு பெண்ணை, நடு வயசிருக்கும், கூந்தல் அவிழ்ந்து, புடவை விலகி, நாலு பேர் இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். சுற்றி ஏழெட்டுப் பேர் முட்டி போட்டுப் படம் எடுத்தார்கள். "கொஞ்சம் நகருங்க, முகம் தெரியல" என்று ஒருவர் சொந்தக்காரர்களையே விலக்கினார். நான் அவரைத் தடுக்கவில்லை. அழைத்ததே நான்தானே. மறுநாள் ஒரு பத்திரிகையில் பெரிய படம், கீழே 'கன்னியம்மன் அருள் வந்து ஆடும் பழங்குடிப் பெண்'. 1993இல் விழுப்புரம் பகுதி அத்தியூரில் ஓர் இருளர் பெண்ணுக்குப் போலீசார் இழைத்த வன்கொடுமைக்கு எதிராகப் பேராசிரியர் கல்யாணி போன்றவர்கள் போராடி, அதன் தொடர்ச்சியாக இருளர்களுக்கென்று ஒரு பாதுகாப்புச் சங்கமே உருவான வரலாறு எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒரு ஜனத்தின் பெண்ணுடைய உடலை ஊரே பார்க்கும்படி அச்சில் போட வழி செய்தவன் நான். படத்தைக் கிழித்துப் போட்டேன். டீக்கடை மாடியில் இது பற்றி நீண்ட விவாதம் நடந்தது, இனி நோட்டீஸ் கிடையாது என்று முடிவானது.

அடுத்த வருஷம் கையில் ஒன்றும் இல்லாமல் போனோம். கூடாரங்களுக்கு இடையே நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் ஓடி வந்தான். "சார், போன வருசம் நோட்டீஸ் குடுத்தீங்களே?" அவனோடு நின்றவர் அந்தப் பெண். எனக்கு உடம்பு நடுங்கியது. திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

பையன் பத்தாவது முடித்திருக்கிறான். சாதிச் சான்றிதழ் இல்லாமல் மேலே சேர முடியவில்லை. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழைத் தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். அங்கே அப்பாவின் சான்றிதழைக் கேட்கிறார்கள். அப்பா பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லை. நீ இருளன் என்பதற்கு என்ன அடையாளம், உன் சாமி எது, பாம்பு பிடிப்பாயா என்று விசாரித்திருக்கிறார்கள். பாம்பு பிடித்துக் காட்டச் சொன்ன கதைகளை வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன்.

"கன்னியம்மா தான் சார் எங்க சாமின்னு சொன்னேன். நம்பல. எங்கம்மா படம் பேப்பர்ல வந்துச்சாமே, கன்னியம்மான்னு பேர் போட்டு. அத்தக் கொண்டாந்து காட்டுனா ஒத்துக்குவாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. உங்ககிட்ட கீதா சார்?"

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு இருந்தா போதும்யா, பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறோம்" என்றார்.

இல்லை தம்பி என்றேன். ஏன் இல்லை என்று சொல்லவில்லை. பத்திரிகை ஆபீசில் பழைய பிரதி கிடைக்கும், தேதி எனக்கு ஞாபகம் இருக்கிறது, வாங்கித் தருகிறேன் என்று அவன் ஊரையும் பக்கத்து வீட்டுக்காரரின் போன் நம்பரையும் குறித்துக்கொண்டேன். எழுத வேறு தாள் இல்லாமல் பையில் தேடியபோது, போன வருஷத்து மஞ்சள் நோட்டீஸ் ஒன்று அகப்பட்டது. அதன் பின்பக்கத்தில்தான் எழுதினேன்.