ஜோஜி லாவில் ரோடு போட்ட தம்பிகள்

எங்க எம். புதுப்பட்டியில குளிர்னா, மார்கழி விடியக்காலையில தலையில ஒரு துண்டைச் சுத்திக்கிறதுதான். அதுக்கே "என்னா குளிரு"ம்போம். மழை கம்மி, வெயில் ஜாஸ்தி. தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசி வட்டாரத்துல வேர் பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

இந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் எங்க பெரிய மாமா. எண்பதுகளில் ஸ்ரீநகர் - லே பாதையில் சக்திமான் லாரி ஓட்டினார். அவர் சொல்லும் கதைகளில் சண்டையே வராது. டீசல்தான் வரும்.

கடுங்குளிரில் டீசலில் இருக்கிற மெழுகு திரிஞ்சு கூழாயிடும். ஃபில்டர் அடைச்சுக்கும், வண்டி கிளம்பாது. திராஸ் பக்கம் மைனஸ் 20க்குக் கீழே போறதெல்லாம் சாதாரணம். அப்ப என்ன செய்வாங்க? டேங்குக்கு அடியில் துணியைக் கொளுத்திச் சூடு காட்டுவாங்களாம்!

"நம்ம ஊர்ல லோடு வண்டி பக்கத்துல பீடி பத்த வச்சா செவுள்ல விழும் மாப்ள. அங்க டேங்குக்கு அடியில நானே தீ வச்சேன். மொத நாள் கை நடுங்குச்சு பாரு... குளிர்லன்னு நெனச்சுக்கிட்டானுவ."

(குளிர்காலத்துக்குன்னே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்குக் கொண்டுவந்தது 2019ல்தான். மாமா அதுக்குள்ள ரிட்டயராகி ரொம்ப வருஷம் ஆச்சு.)

அந்தப் பாதையில் ஜோஜி லா கணவாய்னு ஒரு இடம். சுமார் 11,500 அடி உயரம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி, வரிசையா, ஒரு நேரத்துக்கு ஒரு திசையில மட்டும் வண்டிகளை விடுவாங்களாம். இங்க மொத மொத வண்டி ஏறுற மாதிரி வழி வெட்டினது யாருன்னு தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

1948ல கார்கில், திராஸ், ஜோஜி லா மூணும் எதிரி கைக்குப் போயிடுச்சு. ஸ்ரீநகரிலிருந்து லேவுக்குப் போற தரைவழி அடைபட்டது. மே 24ல் மெஹர் சிங் ஒரு டகோடாவை லேயில் இறக்கினார். ஆனா விமானத்தை மட்டும் நம்பி ஒரு குளிர்காலத்தை ஓட்ட முடியுமா? செப்டம்பரில் காலாட்படை கணவாயைப் பிடிக்கப் போய்த் தோத்துத் திரும்பியது.

அப்புறம்தான் ஜெனரல் திம்மையா டாங்கைக் கொண்டுபோக முடிவு செஞ்சார். அங்க இருந்ததோ கோவேறு கழுதை போற ஒத்தையடிப் பாதை! பால்தாலிலிருந்து மேலே அதை டாங்கு ஏறும் ரோடாக அகலப்படுத்தியது மெட்ராஸ் சாப்பர்ஸ். எதிரி மேலேருந்து சுட்டுக்கிட்டே இருக்கும்போது பாறைக்கு வெடி வச்சு வெட்டின வழி. தமிழர்கள் மட்டுமில்ல, தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுறவங்களும் உண்டு. ஆனா பட்டாளத்துல அத்தனை பேருக்கும் ஒரே செல்லப்பேர், 'தம்பி'.

டாங்குகளின் மேல்கூண்டைக் கழட்டி, ரகசியமா ஸ்ரீநகர் வழியாக் கொண்டுவந்தாங்க. பனி கொட்டியதால் தாக்குதல் தள்ளிப் போச்சு. கடைசியில 1948 நவம்பர் 1ம் தேதி 7வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்குகள் கணவாயில் ஏறின. அந்த உயரத்துல டாங்கு வரும்னு எதிரி கனவுலயும் நினைக்கல. அந்த மாசமே திராஸும் கார்கிலும் திரும்பக் கிடைச்சது.

டாங்கு ஓட்டின கதையை எல்லாரும் எழுதுறாங்க. ரோடு வெட்டினவனுக்குப் பாதி வரிதான். எனக்கு இதுதான் ஆறவே மாட்டேங்குது.

போன வாரம் மாமாகிட்ட இதைச் சொன்னேன். அத்தனை வருஷம் அந்த வழியா வண்டி ஓட்டியும் அவருக்கு இது தெரியாது. கொஞ்ச நேரம் பேசல.

"அவனுவளும் நம்மள மாதிரி பனியவே பாக்காத பயலுவதான மாப்ள?"

ஆமா மாமான்னேன். 2025 ஜனவரியில் சோனமார்க் சுரங்கப்பாதை திறந்ததையும், ஜோஜி லாவுக்கு அடியிலயே இன்னொண்ணு குடையறதையும் சொன்னேன். அதுல அவருக்கு ஆர்வமில்ல.

"கையுறை குடுத்தானுவளாமா அவங்களுக்கு?"ன்னு மட்டும் கேட்டார்.