கலயத்தில் பூசிய சுண்ணாம்பு

அயல்நாட்டு நகரங்களில் இக்காலத்தில் ஒரு வழக்கம் பிரசித்தமாகி வருகிறது. ஊர் பார்க்க வந்த பிரயாணிகளைப் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்த்து ஒரு மேசையைச் சுற்றி அமர்த்தி, சாக்லேட்டில் பல வகைகளையும் வடித்தெடுத்த மதுவில் பல வகைகளையும் சிற்றளவாக அவர்கள் முன் பரப்பி, இன்ன துண்டுக்கு இன்ன மிடறு பொருந்தும், இன்னது முந்தி, இன்னது பிந்தி என்று ரசம் அறிந்த ஒருவர் எடுத்துரைக்க, வந்தவர்கள் அந்த ஊரை நாவினால் தெரிந்துகொண்டு போகிறார்கள். இதைக் கேள்வியுற்ற தூத்துக்குடி அன்பர் ஒருவர், நமது முத்துக்குளித்துறைக் கரையில் இப்படி ஓர் உபசாரம் என்றைக்கேனும் இருந்ததுண்டா என்று என்னை வினவினார். உண்டு என்றேன், ஆனால் இங்கே இனிப்பும் மதுவும் இரண்டு மேசைப் பொருள்கள் அல்ல, ஒரே மரத்தில் ஒரே கலயத்தில் ஊறுபவை, அவற்றைப் பிரிப்பது ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு என்றும் சொன்னேன். அன்று அவசரத்தில் சொன்னதைச் சற்று ஆற அமர இங்கே விரித்துரைக்கிறேன்.

வழியறிந்த ஒருவன், வழி நடக்கும் ஒருவன், வழியிலே கிடைக்கும் உணவும் பானமும் என்ற இந்த மூன்றையும் வைத்துத் தமிழர் ஒரு பிரபந்த வகையையே இயற்றினார்கள். பரிசில் பெற்று மீளும் பாணன் எதிரே வறுமையோடு வரும் பாணனை நிறுத்தி, இந்த ஊரில் இன்னார் இன்னதை உனக்குக் கொடுப்பார்கள் என்று சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலே எயிற்பட்டினத்து நுளைமகளிர் அரித்தெடுத்த பழைய தேறலைப் பரதவர் ஊட்டுவார்கள் என்றும், அதனோடு உலர்ந்த குழல்மீனைச் சுட்டுத் தருவார்கள் என்றும் வருகிறது. பானத்துக்கு ஏற்ற தொடுகறியைச் சேர்த்துச் சொல்லும் இந்த நுட்பத்தைப் படிக்கும்போது, மேசையைச் சுற்றி அமரும் அயல்நாட்டு ரசிகர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை என்றே தோன்றுகிறது.

எயிற்பட்டினம் வடக்கே மரக்காணத்தை அடுத்த கரை. அது நம்முடையது அன்று என்று ஒருவர் வாதிக்கலாம். அவருக்கு மதுரைக்காஞ்சியைக் காட்டுவேன். அதில் மாங்குடி மருதனார் கொற்கையைச் சொல்லுமிடத்தில், விளைந்து முதிர்ந்த முத்தும், சங்கறுப்போர் சேரியும், கள்ளை உணவாகக் கொண்ட குடியிருப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. முத்து எடுப்பவனின் மூச்சடக்கத்தையும் மாலையில் அவன் அருந்தும் கள்ளையும் அந்தப் புலவர் வேறு வேறாகக் காணவில்லை.

கொற்கை இன்று தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கடலை விட்டுச் சில மைல் உள்ளே ஒதுங்கிய சிற்றூர்; அன்றோ பாண்டியர்களின் துறைமுகம். எரித்திரியக் கடற்பயண நூலை எழுதிய கிரேக்க வணிகன் கொல்கி என்று அதைக் குறித்து, பாண்டிய அரசனுக்கு உட்பட்ட அவ்விடத்தில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்தல் நடந்தது என்கிறான். அதே நூலில் முசிறிக்கு வரும் சரக்குகளின் பட்டியலில் திராட்சை மது உண்டு. ஆனால் அதிகமில்லை என்ற குறிப்பும் உண்டு. சிறிதாக வந்த பொருளுக்கு மதிப்புப் பெரிதாக இருந்தது போலும்! இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த நறுந்தேறலை மகளிர் பொற்கிண்ணத்தில் ஏந்தித் தர நாள்தோறும் மகிழ்ந்திருப்பாயாக என்று புறநானூற்றில் பாடுகிறார். அந்த மது வந்த இரட்டைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் அரிக்கமேட்டிலும் அழகன்குளத்திலும் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. அரசனுக்குப் பொற்கிண்ணத்தில் அயல் மது, பரதவனுக்கு மண்கலயத்தில் உள்ளூர்க் கள் என்ற இந்தத் தாரதம்மியம் பின்னும் பலமுறை இக்கரையில் தலைகாட்டும். வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, காயலைப் பெரிய பட்டினம் என்று வருணிக்கிறார். கொற்கையைக் கடல் கைவிட்ட பின் தாமிரபரணியின் முகத்துவாரத்தில் தலையெடுத்த பழைய காயலே அது என்று நிறுவியவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர். போலோ எழுதிய செய்திகளில் ஒன்று எனக்கு எப்போதும் புன்னகையை வருவிப்பது. மாபார் என்று அவர் அழைக்கும் இந்நாட்டாரில் பெரும்பாலோர் மது அருந்துவதில்லை என்றும், மது அருந்துபவனுடைய சாட்சியையும் பிணையையும் அவர்கள் ஏற்பதில்லை என்றும் சொல்லிவிட்டு, கடலிலே பயணம் செய்பவனுடைய சாட்சியையும் அவர்கள் அவ்வாறே தள்ளிவிடுவார்கள், ஏனெனில் உயிரை வெறுத்தவன்தான் கடலில் இறங்குவான் என்பது அவர்கள் கருத்து என்று முடிக்கிறார். குடிப்பவனையும் கடலோடியையும் நம்பாத தேசத்தில், அவ்விரண்டுமாக இருந்த கரைமக்கள் கொண்டுவந்த முத்தினால் அல்லவா அரசனின் கழுத்து ஒளிர்ந்தது?

அவர் குறித்த மற்றொரு வழக்கமும் நமக்கு இங்கே வேண்டியதே. ஒவ்வொருவரும் தத்தம் பாத்திரத்திலேயே அருந்துவர். அதையும் உதட்டில் படாமல் உயர்த்தி வாயில் ஊற்றிக்கொள்வர். பாத்திரமில்லாத அந்நியன் வந்தால் அவன் இரு கைகளையும் குவிக்கச் சொல்லிப் பானத்தை அதில் வார்ப்பர், கையே அவனுக்குக் கிண்ணம். காயலில் எல்லோரும் ஓயாமல் வெற்றிலை மெல்லுவதையும், அதில் சுண்ணாம்பும் சேர்வதையும் அவர் கண்டிருக்கிறார். அந்தச் சுண்ணாம்பு பனைமரத்தின் உச்சியில் என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் யாரும் அவருக்குக் காட்டவில்லை போலும்.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர். பரதவர்கள் 1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவ, 1542-இல் சவேரியார் இக்கரைக்கு வந்து, ஊர் ஊராக நடந்து போதித்தார். புன்னைக்காயலில் தங்கியிருந்த தம் துணைவர் மான்சில்லாசுக்கு 1544-இல் அவர் எழுதிய கடிதங்களில் சாராயத்தைப் பற்றிய கண்டிப்பான கட்டளை ஒன்று இருக்கிறது. சாராயம் குடிக்கும் பெண் ஒவ்வொருத்தியையும் பிடிக்கும் காவல் அதிகாரிக்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும். பிடிபட்டவளை மூன்று நாள் அடைத்து வைக்க வேண்டும். இனியும் புன்னைக்காயலில் சாராயம் குடிப்பது தெரிந்தால் ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிமார் அதற்குப் பதில் சொல்ல நேரிடும். மகானுடைய சினத்திலிருந்து ஒரு சரித்திர உண்மை நமக்குக் கிடைக்கிறது: கள்ளைக் காய்ச்சி வடிக்கும் கலை அதற்குள் இங்கே வேரூன்றிவிட்டது என்பதே அது. 1658-இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரைத் துரத்தினர். 1825-இல் ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் நிலைத்தனர். கொடி மாறியதே தவிரக் குடி மாறவில்லை.

இனிப் பனைக்கு வருவோம். திருச்செந்தூருக்குத் தெற்கேயும் மேற்கேயும், குதிரைமொழித் தேரியின் செம்மணல் காற்றில் அலையலையாக இடம்பெயரும் பூமியில், நெல்லும் வாழையும் நிற்க மறுக்கும் இடத்தில் பனை நிற்கிறது. பனையேறி விடியுமுன் தளைநாரைக் காலில் மாட்டி ஏறி, பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கீழே கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறான். மாலையில் மறுபடியும் ஏறுகிறான். கட்டும் கலயத்தின் உள்ளே கடற்கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைத் தடவியிருந்தால், சொட்டும் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதில் குடியேறி, இறக்குமுன்பே அது நுரைத்துக் கள்ளாகிவிடும். அந்தக் கள்ளைக் காய்ச்சி வடித்தால் சாராயம். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. பாளையில் ஊறும்போது சாறு பதநீருமன்று, கள்ளுமன்று. அதன் ஜாதியை நிர்ணயிப்பது கடலிலிருந்து வந்த வெள்ளைப் பூச்சே. முத்துச் சிப்பி அரசனுக்குப் போக, கிளிஞ்சல் பனையேறிக்கு மிஞ்சியது.

கருப்பட்டி காய்ச்சுவது பெண்களின் தொழில். விடிலி என்னும் குடிசையிலே பனையோலையும் கருக்குமட்டையும் எரித்து, அகன்ற பாத்திரத்தில் பதநீரை ஊற்றிப் பல நாழிகை துழாவிக் கொண்டிருந்தால், முதலில் வெண்ணுரை பொங்கும், பிறகு நிறம் பழுத்துக் கூப்பனி என்னும் பாகாகும், பிறகு துடுப்பில் ஒட்டிக் கனக்கும். அந்தத் தருணம் தவறினால் கருகும், முந்தினால் உறையாது. அதைத் தேங்காய்ச் சிரட்டைகளில் வார்த்து ஆறவிட்டுத் தட்டினால் அரைக்கோளமாக விழும். இனிப்பு, புகை, அடியில் மெல்லிய உவர்ப்பு என்று அதன் ருசி நாவில் மூன்று படியாக இறங்குகிறது. கொக்கோ கலந்த கசப்புச் சாக்லேட்டைப் புகழ்ந்து பேசுபவர்கள் சொல்லும் அத்தனை லட்சணங்களும் உடன்குடிக் கருப்பட்டிக்குப் பொருந்தும். அதிகமாக ஒன்றும் உண்டு: இதைக் கடித்துக்கொண்டு சுக்குநீர் குடிக்கலாம். இந்தக் கருப்பட்டி இப்போது புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. இன்றும் இச்சீமையில் கருப்பட்டிக் காப்பி கிடைக்காத ஊர் அரிது.

சாக்லேட் என்றதும் ஒரு விநோதம் நினைவுக்கு வருகிறது. அந்நாளில் திருநெல்வேலிச் சீமையில் அடங்கிய குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வைத்திருந்த வாசனைத் திரவியத் தோட்டத்தில், 1798-இல் அம்போய்னாத் தீவிலிருந்து கொக்கோச் செடிகளைக் கொணர்ந்து நட்டார்கள். பாரத தேசத்தில் கொக்கோ முதலில் வேர்விட்டது அங்கேதான். வேர்விட்டதே தவிரத் தொழிலாக வளரவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்பே கேரளத்திலும், பின்னர் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் அது பயிராயிற்று. வந்த விருந்தாளி மரங்களில் இக்கரை மனமுவந்து வரித்துக்கொண்டது கொல்லாமரம் எனப்படும் முந்திரி மரத்தைத்தான். பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் இந்தியாவுக்குக் கொணர்ந்த அம்மரத்தின் பழத்தைக் கோவாவார் பிழிந்து பெனி என்னும் மதுவாக வடித்தார்கள். தூத்துக்குடியார் பருப்பைப் பொடித்து, முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்துச் சேர்த்து, மெல்லிய சூட்டில் வாட்டி மக்ரூன் செய்தார்கள். ஐரோப்பாவில் வாதுமையில் செய்வது இங்கே முந்திரியில் ஆயிற்று. கூம்பு வடிவில் இருந்து, வாயில் வைத்தவுடன் உடைந்து கரையும் அதைக் காற்றுப் புகாமல் கொண்டுபோனால்தான் ஊர் சேரும். ஒரே மரத்தில் ஒரு கரையார் மதுவையும் மறு கரையார் இனிப்பையும் எடுத்துக்கொண்டது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் கலயத்தைச் சட்டம் பிடித்தது. 1886-ஆம் வருஷத்துச் சென்னை ஆப்காரிச் சட்டத்தின்படி, கள்ளிறக்கும் மரம் சர்க்காருக்கு வருமானம் தரும் மரமாயிற்று. குலசேகரப்பட்டினத்தில் பாரி கம்பெனியார் கருப்பட்டியைச் சுத்திகரித்துச் சர்க்கரையாக்கும் ஆலை நிறுவி, அதற்காகத் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு சிறு ரயில்பாதையும் போட்டார்கள். அந்த ரயில் 1940 வரை ஓடிற்று. அவர்களைச் சேர்ந்த நிறுவனத்தின் பெயர் ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் ஷுகர் பாக்டரீஸ். மது வடிசாலையும் சர்க்கரை ஆலையும் ஒரே பெயர்ப்பலகையில் கைகோத்து நின்றதைப் பனையேறி பார்த்திருந்தால் வியந்திருக்க மாட்டான்.

ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவிற்று. சுண்ணாம்புக் கலயம் சட்டத்துக்குள்ளே வந்தது, வெறுங்கலயம் குற்றமாயிற்று. பெண்டு பிள்ளைகளின் பசி தீர வேண்டும் என்ற அந்த நோக்கத்தை நான் குறை கூறேன். குடியினால் அழிந்த குடும்பங்களைக் கரையோரத்தில் காணாதவர் யார்? ஆனால் அந்நாளிலும் வெளிநாட்டுப் பிரயாணிக்கு உரிமச்சீட்டின் பேரில் மது கிடைத்தது. பொற்கிண்ணமும் மண்கலயமும் மறுபடி வேறானதை வாசகர் கவனித்திருப்பார்கள். 1971-இல் விலக்கு நீங்கி, சில ஆண்டுகளில் மீண்டும் வந்து, 1981-இல் மறுபடி நீங்கிற்று. 1983-இல் அரசின் வாணிபக் கழகம் தோன்றியது. 1987 ஜனவரி முதல் நாளிலிருந்து கள்ளும் சாராயமும் மட்டும் தடையாயின. கரும்புச்சாற்றுக் கழிவுப்பாகிலிருந்து வடித்து அயல்நாட்டுப் பெயர் சூட்டிய மது அரசின் கடையிலேயே விற்பனையாகிறது. பனையைத் தன் மரமாக அறிவித்த மாநிலத்தில் பனையின் மதுவுக்கு மட்டும் இடமில்லை என்பது நியாயமான ஏற்பாடாக எனக்குப் படவில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்தார் பனஞ்சாராயத்தைச் சட்டப்படி வடிக்கிறார்கள். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரும் குடிக்கிறார்கள். கலயத்தின் இரண்டு சுவையையும் தேடும் பிரயாணி இன்று அங்கே போகலாம்.

இக்கரையில் எஞ்சியிருப்பது இனிப்புப் பாதி. சித்திரை வைகாசியில் திருச்செந்தூரிலிருந்து உடன்குடிக்குப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் புறப்படுவது நல்லது. சாலையோரத்தில் பனையோலையை மடித்துப் பட்டையாக்கி, நுங்கைப் போட்டு, அதன்மேல் பதநீரை ஊற்றித் தருவார்கள். பட்டையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொள்ள வேண்டும். ஒரு கையால் பிடித்தால் வழிந்துவிடும்.