பர்மா மண்ணெண்ணெய் முதல் சமையல் எரிவாயு வரை

கானாடுகாத்தான் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள பெரிய வீடுகள்தான். 1912ல் கட்டப்பட்ட செட்டிநாடு அரண்மனையைப் பார்க்க வெளிநாடுகளில் இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாவில் இருந்து கப்பலில் வந்தவை என்று வருபவர்களுக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் அதே பர்மாவில் இருந்து இன்னொரு பொருளும் தமிழ்நாட்டுக்கு வந்து கொண்டிருந்தது. அது மண்ணெண்ணெய், அதாவது கிராமத்து மக்கள் சொல்லும் சீமெண்ணெய்!

தேக்கு இன்றும் நிற்கிறது. மண்ணெண்ணெய் ஒரே மாதத்தில் நின்று போனது. அது எப்படி நின்றது என்று தெரிந்து கொண்டால், இன்று நாட்டின் எரிவாயுப் பாதுகாப்பு பற்றிப் பேசப்படுவதைப் புரிந்து கொள்வது எளிது.

ரங்கூன் பணமும் ரங்கூன் எண்ணெயும்

பர்மா ஆயில் கம்பெனி 1886ல் தொடங்கப்பட்டது. ஐராவதி ஆற்றங்கரையில் உள்ள ஏனாங்யாவுங் என்ற இடத்தில் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. அங்கு எடுத்த எண்ணெய் ரங்கூனுக்கு அருகில் சிரியம் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய், மண்ணெண்ணெயாக மாறி, கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் கப்பலேறியது. 1928ல் இந்தக் கம்பெனியும் ஷெல் நிறுவனமும் இந்தியாவில் விற்பனை செய்வதற்காகச் சேர்ந்து பர்மா ஷெல் என்ற கம்பெனியை உருவாக்கின. அன்றைக்குச் செட்டிநாட்டில் அடுப்புக்கு விறகு, விளக்குக்கு மண்ணெண்ணெய்.

அதே காலத்தில் நகரத்தார் பர்மாவுக்குக் 'கொண்டுவிக்க'ப் போனார்கள். பர்மிய விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1929-30ல் அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழுவின் கணக்குப்படி, பர்மாவில் செட்டியார்களின் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி! பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாமல் விவசாயிகள் நிலத்தைக் கொடுத்தார்கள். 1937-38 வாக்கில் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது.

ஆக, செல்வமும் விளக்கு எண்ணெயும் ஒரே நாட்டில் இருந்து, ஒரே துறைமுகம் வழியாக வந்து கொண்டிருந்தன. இதில் ஆபத்து இருப்பதாக அன்று பெரும்பாலோர் நினைக்கவில்லை. பர்மாவும் இந்தியாவும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவைதானே! 1937 ஏப்ரல் 1ல் பர்மா தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் கப்பல்கள் வழக்கம் போல் வந்தன.

1942

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச் 8ல் ரங்கூன் வீழ்ந்தது. அதற்குச் சற்று முன் சிரியம் ஆலையையும், ஏப்ரல் நடுவில் ஏனாங்யாவுங் கிணறுகளையும் பிரிட்டிஷாரே தகர்த்தார்கள். எதிரியின் கையில் எண்ணெய் சிக்கக் கூடாது என்பதுதான் காரணம். லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பர்மா அரிசியும் வரவில்லை, மண்ணெண்ணெயும் வரவில்லை. இந்தியாவுக்குள் எண்ணெய் கிடைத்த இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று அஸ்ஸாமில் உள்ள டிக்பாய், மற்றொன்று பஞ்சாபின் அட்டாக் பகுதி. 1947ல் அட்டாக் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது.

நஷ்டஈடு கதை இன்னும் சுவையானது. தகர்த்த சொத்துக்குப் பணம் கேட்டு பர்மா ஆயில் கம்பெனி வழக்குப் போட்டது. 1964ல் பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமான பிரபுக்கள் சபை, கம்பெனிக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. உடனே 1965ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அந்த உரிமையையே முன்தேதியிட்டு ரத்து செய்தது! செட்டியார்களின் நிலை அதைவிட மோசம். 1948ல் பர்மா அரசு நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டு வந்தது. 1963, 64ல் நீ வின் ஆட்சியில் வங்கிகளும் கடைகளும் பறிபோயின. வழக்குப் போட அவர்களுக்குப் பிரபுக்கள் சபையும் இல்லை.

நிலம் ஐந்தொகையில் சொத்தாகத்தான் இருந்தது. ஆனால் அது எந்த நாட்டில் இருக்கிறது, பலன் எந்த வழியாக வீடு வந்து சேரும் என்பதை ஐந்தொகை காட்டாது.

சிலிண்டர் வந்த கதை

சமையல் எரிவாயுவை இந்தியாவுக்குக் கொண்டு வந்ததும் அதே பர்மா ஷெல்தான். 1950களின் நடுவில் பம்பாயில் 'பர்ஷேன்' என்ற பெயரில் விற்றார்கள். 1965ல் கல்கத்தாவில் இண்டேன் வந்தது. 1976ல் பர்மா ஷெல் அரசுடைமையாகி, பின்னர் பாரத் பெட்ரோலியம் என்று பெயர் மாறியது. தமிழகத்தில் 2007ல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016ல் வந்த மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் விறகு அடுப்பில் ஊதிக் கொண்டிருந்த பெண்களைப் புகையில் இருந்து காப்பாற்றின. இது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. விறகு உள்ளூர்ப் பொருள். சிலிண்டரில் இருப்பதோ பெரும்பாலும் இறக்குமதி! 2024-25ல் இந்தியா பயன்படுத்திய சமையல் எரிவாயு சுமார் 3.1 கோடி டன். அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வெளிநாட்டில் இருந்து வந்தது. அதிலும் பெரும்பகுதி வளைகுடா நாடுகளில் இருந்து ஹோர்முஸ் நீரிணை வழியாக வருவது. ஒரு நாள் செலவு என்று கணக்குப் போட்டால் சுமார் 85,000 டன் வருகிறது. விசாகப்பட்டினத்தில் பாறைக்குள் குடைந்து கட்டிய புகழ்பெற்ற சேமிப்புக் கிடங்கின் கொள்ளளவு 60,000 டன். அதாவது நாட்டின் ஒரு நாள் சமையலுக்குக் கூட அது போதாது!

சிலிண்டர் வாயு வேறு, குழாயில் வரும் இயற்கை எரிவாயு வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முன்னது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்து திரவமாக்கியது. பின்னது பெரும்பாலும் மீத்தேன். இந்த இயற்கை எரிவாயுவிலும் ஏறக்குறைய பாதி இறக்குமதிதான். கடுங்குளிரில் திரவமாக்கிக் கப்பலில் கொண்டு வருகிறார்கள். எண்ணூரில் 2019ல் திறக்கப்பட்ட முனையம் அதற்காகத்தான்.

மீண்டும் பர்மா

2004ல் பர்மாவின் அரக்கான் கடலில் ஷ்வே என்ற எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கு 20, கெயிலுக்கு 10 என இந்தியாவுக்கு 30 சதவீதப் பங்கு இருந்தது. 2005 ஜனவரியில் இந்தியா, வங்கதேசம், மியான்மர் அமைச்சர்கள் ரங்கூனில் கூடி, வங்கதேசம் வழியாக இந்தியாவுக்குக் குழாய் போடலாம் என்று கொள்கை அளவில் ஒத்துக் கொண்டார்கள். அப்போது பெட்ரோலிய அமைச்சராக இருந்தவர் மயிலாடுதுறை எம்.பி. மணிசங்கர் அய்யர். பின்னர் வங்கதேசம் வைத்த நிபந்தனைகளில் பேச்சு இழுத்துக் கொண்டே போனது. சீனா காத்திருக்கவில்லை. 2008ல் ஒப்பந்தம் போட்டது, 2013ல் குழாய் ஓடத் தொடங்கியது. பங்கு இந்தியாவுக்கு, எரிவாயு சீனாவுக்கு! லாபத்தில் பங்கு கிடைத்தது, ஆனால் அதை வைத்து அடுப்பெரிக்க முடியாது.

ஒப்பந்தம் இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 2012ல் ரஷ்யாவின் காஸ்ப்ரோம் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளையுடன் கெயில் 20 ஆண்டு ஒப்பந்தம் செய்தது. 2022ல் உக்ரைன் போர் வந்தது. அந்தக் கிளையின் தாய்க் கம்பெனியை ஜெர்மனி தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது. கெயிலுக்கு வர வேண்டிய கப்பல்கள் வரவில்லை.

சொந்த மண்ணில் இருந்தால்?

அப்படியானால் உள்நாட்டிலேயே எடுக்கலாமே என்ற கேள்வி வரும். காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. 1960களில் இருந்தே துளையிட்டு வருகிறது. கானாடுகாத்தானுக்குத் தெற்கே, ராமநாதபுரம் மாவட்டம் வழுதூரில் உள்ளூர் எரிவாயுவில் ஓடும் மின் நிலையம் 2003ல் வந்தது. ஆனால் வடகிழக்கே புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் 2017ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊரே பந்தலில் உட்கார்ந்தது. 2020ல் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. 2025ல் ராமநாதபுரம் வட்டாரத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி தரப்பட்ட செய்தி வந்ததும் எதிர்ப்புக் கிளம்ப, அதைத் திரும்பப் பெறச் சொன்னது தமிழக அரசு.

இதை வளர்ச்சிக்கு எதிரான போக்கு என்று ஒதுக்கிவிடுவது தவறு. எரிவாயு நாட்டுக்கெல்லாம் போகும். நிலத்தடி நீர் கெட்டால் அதைக் குடிக்க வேண்டியது அந்த ஊர் மட்டும்தான். லாபம் ஒரு பேரேட்டிலும் நஷ்டம் இன்னொரு பேரேட்டிலும் எழுதப்பட்டால், இரண்டாவது பேரேட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டார். அவருடைய சம்மதம் இல்லாமல் எடுக்கும் எரிவாயுவும் ஒரு வகையில் வெளிநாட்டு எரிவாயு மாதிரிதான். எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம்.

வரலாறு சொல்வது

1942ல் ஆட்சி கையில் இருந்தது, 2013ல் பங்கு கையில் இருந்தது, 2022ல் ஒப்பந்தம் கையில் இருந்தது. மூன்று முறையும் எரிபொருள் வந்து சேரவில்லை. ஆகவே எரிவாயுப் பாதுகாப்பு என்பது எவ்வளவு சொந்தமாக இருக்கிறது என்பதில் இல்லை. எத்தனை வழிகளில் வருகிறது, வழி அடைபட்டால் எத்தனை நாள் தாங்கும், அடுப்பெரிக்க வேறு என்ன இருக்கிறது என்ற மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது. பல நாடுகளில் இருந்து வாங்குவது, சேமிப்புக் கிடங்குகளைப் பெருக்குவது, சாண எரிவாயுவையும் மின் அடுப்பையும் பரவலாக்குவது ஆகிய மூன்றுமே செலவு பிடிக்கும் வேலைகள். எந்த ஆண்டும் லாபம் காட்டாத செலவுகள். அதனாலேயே தள்ளிப் போடப்படுகின்றன.

அன்று ரங்கூன் கப்பல் நின்றபோது செட்டிநாட்டு வீடுகளில் விளக்குதான் மங்கியது. சோறு பொங்கப் பக்கத்துக் காட்டில் விறகு இருந்தது. இன்று கப்பல் நின்றால் நிற்கப் போவது சோறு!