சுனாமி எச்சரிக்கை மையம் பிறந்த கதை

குந்தாரப்பள்ளிப் பக்கம் தரை அதிர்ந்தால், குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். சுமார் 250 கோடி ஆண்டு மூத்த பாறை மேல் குடியிருக்கிறோம். ஆனால் ஓசூர்ப் பக்கம் ஆலை வேலைக்கு வரும் பிள்ளைகளில் கடற்கரைக்காரர்களும் உண்டு. அவர்கள் ஊருக்கு ஆபத்து கிளம்பும் இடம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், கடலடியில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26, காலை 6.29 மணி. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடிப் பிளவு நழுவியது. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுக்கத்தைக் கருவிகள் அப்போதே பதிவு செய்துவிட்டன. கடல் எவ்வளவு எழும் என்று கணக்குப் போட்டுக் கரைக்குச் சொல்லும் ஏற்பாடுதான் அன்று இந்தியப் பெருங்கடலில் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

பிறகு ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவிகளோடு அந்தமானில் இறங்கினார்கள். வட அந்தமானின் மேற்குக் கரையில் பவளப்பாறைகள் நீருக்கு மேலே எழுந்து வெயிலில் காய்ந்து கிடந்தன. போர்ட் பிளேரில் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்தது. இந்த ஏற்ற இறக்க அளவுகளும் நில அதிர்வுப் பதிவுகளும் சேர்ந்துதான் பிளவு நகர்ந்த விதத்தைக் காட்டின.

அன்று இல்லாத அந்த ஏற்பாட்டுக்காக 2007 அக்டோபர் 15 அன்று ஐதராபாத்தில், இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. சுமத்ரா-அந்தமான் பிளவிலும் அரபிக்கடலின் மக்ரான் பிளவிலும் எங்கே, எவ்வளவு பெரிய நடுக்கம் வந்தால் எந்தக் கரையில் நீர் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே கணித்து அடுக்கி வைத்தார்கள். நடுக்கம் வந்ததும் அதற்குப் பொருந்தும் கணக்கை எடுத்துப் பார்க்கிறார்கள். அலை உண்மையிலேயே கிளம்பியதா என்பதைக் கடல்தரையில் கிடக்கும் அழுத்தமானி சொல்லும். 6 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தாலும், மேலே நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினால் அதற்குத் தெரியும். அங்கிருந்து செய்தி மிதவைக்கும், செயற்கைக்கோள் வழியாக ஐதராபாத்துக்கும் போகும்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுக்கம். சென்னையில் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆனால் அந்தப் பிளவில் பாறைகள் பக்கவாட்டில்தான் நகர்ந்தன; கடல்தரை பெரிதாக எழவில்லை. பேரலை வரவில்லை, எச்சரிக்கை விலக்கப்பட்டது. நடுக்கத்தின் அளவு மட்டும் போதாது, பிளவின் போக்கும் தெரிய வேண்டும் என்பதற்கு அந்த நாளே சாட்சி.

சொன்ன பிறகு ஓடத் தெரிந்திருக்க வேண்டும். ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி கிராமங்கள் தங்களைத் தயார்படுத்திக்கொண்டு 2020-இல் யுனெஸ்கோவின் ‘சுனாமிக்குத் தயார்’ அங்கீகாரம் பெற்றன. நம் கரையில் ஒவ்வொரு மீனவர் குப்பத்துக்கும் அந்தத் தயாரிப்பு வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் இனி ஒருபோதும் வீணாகக் கூடாது.