தமிழ்த் தரவகமும் பைத்தான் அடுக்கும்: மைசூருவை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

மைசூருவின் மானசகங்கோத்திரியில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் தொடங்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் நடுவண் அரசின் மின்னணுவியல் துறை, இந்திய மொழிகளுக்குக் கணினி படிக்கத்தக்க தரவகங்களை உருவாக்க முனைந்தபோது, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளின் பொறுப்பும் இந்நிறுவனத்திடம் வந்தது. அதே காலத்தில், 1991 பிப்ரவரியில், நெதர்லாந்தில் கைடோ வான் ரோசம் பைத்தான் மொழியை முதன்முதலாக வெளியிட்டார். தொடர்பற்றுத் தோன்றிய இவ்விரு முயற்சிகளும் இன்று தமிழ்க் கணினிமொழியியல் மாணவரின் மேசையில் ஒன்றுசேர்கின்றன.

மைசூருத் தரவகம் இஸ்கி குறியேற்றத்தில் உள்ளிடப்பட்டது. 1991இன் இந்தியத் தர நிர்ணயமான இஸ்கியில் தமிழ்க் ககரத்துக்கும் கன்னடக் ககரத்துக்கும் எண் ஒன்றே: 179. எந்த எழுத்துமுறை என்பதைத் தனியே குறிப்பிட வேண்டும். யூனிக்கோடு அவற்றைப் பிரித்து, தமிழ்க் ககரத்துக்கு 2965, கன்னடக் ககரத்துக்கு 3221 என்று தனித்தனி எண் வழங்கியது. பின்னர், இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் பங்கேற்ற எமில் திட்டத்தின் வழியே மைசூருத் தரவுகள் யூனிக்கோடுக்கு மாற்றப்பட்டு, 14 தெற்காசிய மொழிகளின் தொகுப்பாக ஆய்வாளர் கைக்கு வந்தன. இஸ்கியின் விதிகள் எழுத்தில் இருந்தமையாலேயே இம்மாற்றம் இயன்றது.

பைத்தானும் இப்பாதையைக் கடக்க வேண்டியிருந்தது. பைத்தான் 2இல் சாதாரணச் சரம் என்பது பைட்டுகளின் வரிசை. யூடிஎஃப்-8இல் எழுதிய ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் அது 15 என்னும். 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3இல் சரம் யூனிக்கோடாக மாறியதால் விடை 5. தமிழிலக்கணப்படி எழுத்து மூன்றே. அவ்வாறு எண்ண ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற தனி நிரல்தொகுப்பு வேண்டும். ஆக, ஓர் எழுத்தெண்ணிக்கை அட்டவணைகூட எந்தப் பதிப்பில், எந்தத் தொகுப்பைக் கொண்டு பெறப்பட்டது என்பதைச் சார்ந்தது.

இச்சார்பு கடுமையாக வெளிப்படும் இடம், உருவாக்கச் சூழலுக்கும் பயன்பாட்டுச் சூழலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு. மாணவரின் மடிக்கணினி பெரும்பாலும் யூடிஎஃப்-8 அமைப்பில் இருக்கும். வழங்கியிலோ, எதுவும் குறிப்பிடாவிட்டால், ஆஸ்கி எழுத்துகளை மட்டும் அறிந்த பழைய ‘சி’ அமைப்பே நடப்பில் இருக்கக்கூடும். வீட்டில் பிழையின்றி ஓடிய நிரல் அங்கே கோப்பின் முதல் தமிழ் எழுத்திலேயே நின்றுவிடும். ஆங்கிலத் தரவு மட்டும் கையாள்பவர் கண்ணில் இப்பிழை எளிதில் படாது. 2018இல் வந்த பைத்தான் 3.7தான் இதற்கு இயல்பான தீர்வைச் சேர்த்தது.

பைத்தான் அடுக்கின் வரலாறு முழுவதையும் இவ்விடைவெளியைக் குறைக்கும் முயற்சியாகவே வாசிக்கலாம். 2003இல் முன்மொழியப்பட்ட விஸ்கி நெறிமுறை, வலைச் செயலி வழங்கியுடன் பேசும் முறையை வரையறுத்தது. 2007இல் இயன் பிக்கிங்கின் விர்ச்சுவல்என்வ், ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்த நிரல்தொகுப்புகளை வைத்துக்கொள்ள வழிசெய்தது. அடுத்த ஆண்டு அவரே தந்த ‘பிப்’, தேவையானவற்றைப் பதிப்பெண்ணோடு ஒரு கோப்பில் பட்டியலிட உதவியது. 2013இல் அமெரிக்கப் பைத்தான் மாநாட்டில் அறிமுகமான டாக்கர், இயங்குதளக் கோப்புகளையும் மொழிச்சூழல் அமைப்பையும் அப்பட்டியலுக்குள் கொண்டுவந்தது.

இன்று ஒரு தரவகத் தேடுசெயலியை அமைப்பவர் மடிக்கணினியில் ஃபிளாஸ்க்கின் உள்ளமைந்த சோதனை வழங்கியைப் பயன்படுத்தலாம். பொதுப் பயன்பாட்டுக்கு அது உகந்ததன்று. அங்கே என்ஜின்எக்ஸ் முன்நின்று கோரிக்கையைப் பெறும். குனிகார்ன் அதைச் செயலியிடம் சேர்க்கும். போஸ்ட்கிரெஸ் தரவைக் காக்கும். கடவுச்சொற்கள் நிரலுக்கு வெளியே, சூழல் மாறிகளில் இருக்க வேண்டும். இரு சூழல்களுக்கும் நிரல்தொகுப்புகளின் பதிப்புப் பட்டியல் மட்டும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

மைசூருவுக்கு இது புதிய பாடமன்று. 1966இல் உதகையிலிருந்து இந்நகருக்கு வந்த தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு, ஒவ்வொரு மைப்படியையும் ஊர், கோயில், சுவர், அரசன், ஆட்சியாண்டு ஆகிய விவரங்களோடு ஆண்டறிக்கையில் பதிந்து வந்துள்ளது. அப்பதிவு இல்லையேல் மைப்படி எங்கிருந்து வந்ததென்று சொல்ல இயலாது, சான்றாகவும் நில்லாது.

நம் ஆய்வேடுகளில் நூற்பட்டியல் உண்டு. நிரலின் பதிப்புப் பட்டியல் பெரும்பாலும் இல்லை. 2020 ஜனவரி 1ஆம் நாளோடு பைத்தான் 2இன் ஆதரவு முடிந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட தமிழ் நிரல் ஒன்றை இன்று இயக்கிப் பார்த்து, அதன் ஆசிரியர் கண்ட முடிவைச் சரிபார்க்க வேண்டுமெனில், அவர் விட்டுச்சென்ற பட்டியலே வழி. முனைவர் பட்ட மாணவர்கள் தம் பின்னிணைப்பில் பைத்தானின் பதிப்பெண், தொகுப்புகளின் பூட்டுக்கோப்பு, குறியேற்றம், டாக்கர் கோப்பு ஆகிய நான்கையும் சேர்க்கட்டும். நெறியாளர்கள் அவற்றைக் கேட்டு வாங்கட்டும். இரண்டு பக்கங்களுக்கு மேல் ஆகாது.