மஞ்சள் கிட்னி கேன்சரை அழிக்குமா? லேப்பில் நடந்தது இதுதான்!

'மஞ்சள்ல இருக்குற குர்குமின், கிட்னி கேன்சர் செல்லைக் கொன்னுடுதாம்!' - இப்படி ஒரு மெசேஜ் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். அது பொய்யில்லை. ஆனால், எங்கே வைத்துக் கொன்றது என்பதை ஃபார்வேர்டு செய்தவர் சொல்லியிருக்க மாட்டார்.

நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களை லேப்பில் பல ஆண்டுகள் வளர்ப்பார்கள். சிறுநீரகப் புற்றுநோய் ஆய்வுகளில் அடிக்கடி வரும் '786-ஓ' அப்படிப்பட்ட செல்தான். இதை பிளாஸ்டிக் தட்டில் வைத்து, அதன்மேல் நேரடியாக குர்குமினை விடுகிறார்கள். செல்கள் சாகின்றன. நம் உடம்புக்குள் அப்படி ஊற்ற முடியாதே! மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவிகிதம்தான். அதையும் குடலும் கல்லீரலும் உருமாற்றி வெளியே தள்ளிவிடும். கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்தில் மிஞ்சுவது சொற்பம். 120-க்கும் மேற்பட்ட குர்குமின் பரிசோதனைகளைக் கணக்கில் எடுத்து 2017-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று, போலி மாத்திரையுடன் முறையாக ஒப்பிட்டு நடந்த எந்தப் பரிசோதனையிலும் குர்குமின் ஜெயிக்கவில்லை என்றது.

'மிளகு சேர்த்தா உடம்புல ஒட்டும்ல?' என்பீர்கள். ஒட்டும். மிளகில் உள்ள பைப்பரின், குர்குமினை வெளியேற்றும் என்சைம்களைத் தடுக்கும். சிக்கலும் அங்கேதான். கிட்னி கேன்சருக்குத் தரப்படும் சூனிடினிப், பஸோபனிப் மாத்திரைகளைச் சிதைப்பதும் கல்லீரல் என்சைம்தான். அதையும் பைப்பரின் மட்டுப்படுத்துவதை லேப் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மட்டுப்பட்டால் மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறித் தேங்கலாம். ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை, கேப்ஸ்யூலைச் சொல்கிறேன்.

அடுத்தது வைட்டமின் சி. தட்டிலும் எலிகளிலும் சிறுநீரகப் புற்றுநோய் செல்களை இது கட்டுப்படுத்துவதாக 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்த அளவை ரத்தத்தில் எட்ட நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். ஆரஞ்சு ஜூஸ், மாத்திரையால் முடியாது. கூடுதலாகச் சேரும் வைட்டமின் சி-யில் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறி சிறுநீரகம் வழியே போகும். போகிற வழியில் கல்லாகலாம், சிறுநீரகத்தையே பழுதாக்கலாம். கேன்சருக்காக ஒரு கிட்னியை எடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றோடு இருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ரிஸ்க்!

அதற்காக லேப் ஆய்வு வீண் என்று நினைக்க வேண்டாம். இந்த நோயின் பெரும்பாலான கட்டிகளில் பழுதாகியிருக்கும் வி.ஹெச்.எல் ஜீனை 1993-ல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பழுதால் செல்லுக்குள் என்ன கெடுகிறது என்று தட்டிலும் எலியிலும் துருவித்துருவிப் பார்த்து, மனிதர்களிடம் சோதித்து, பெல்ஸுடிஃபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2021-ல். 28 வருஷம்!

வீட்டில் யாராவது இந்த நோய்க்கு சிகிச்சையில் இருந்தால், அவர் எடுக்கும் சப்ளிமென்ட் டப்பாக்களின் லேபிளை போனில் போட்டோ எடுத்து, அடுத்த விசிட்டில் டாக்டரிடம் காட்டுங்கள். குழம்பில் மஞ்சள் வழக்கம்போல இருக்கட்டும். வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் மட்டும், கூகுள் பண்ணாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.